ஜாகிர் போன பிறகு யார் வந்தார்? கல்வராயன் மலையிலிருந்து புதிய சீனத்தைப் படித்தல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால் கோமுகி அணை. அதைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. வளைந்து வளைந்து ஏறினால் கல்வராயன் மலையின் தலைமையிடமான வெள்ளிமலை. வரைபடத்தில் இது சின்னத் தூரம்தான். ஆனால் ஆட்சி வரலாற்றின் கணக்கில் அடிவாரத்துக்கும் வெள்ளிமலைக்கும் இடையே 28 ஆண்டுகள் இருக்கின்றன. சென்னை மாகாணத்தின் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் நிறைவேறியது. மலைமேல் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பரம்பரை அதிகாரம் 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று, அரசமைப்புச் சட்டம் எழுதி, ஐந்து பொதுத்தேர்தல்களை நடத்தி முடித்த பிறகும் இந்த மலையில் நிலத்துக்கு வரி வாங்கியவரும் கூலியில்லா வேலை வாங்கியவரும் ஒரு கவுண்டராகவே இருந்தார்.

இந்த மலையை வைத்துக்கொண்டு சீனத்தைப் பற்றி எழுதுவது முதலில் விசித்திரமாகத் தோன்றலாம். 1949 அக்டோபர் 1இல் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. அதன் முதல் பத்தாண்டுகளில் சீனக் கிராமத்தில் நடந்தவற்றை வரலாற்றாசிரியர்கள் மூன்று தலைமுறைகளாக ஆராய்ந்துவருகிறார்கள். புரட்சி வென்றதா, தோற்றதா, எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேருக்கு நிலம் கிடைத்தது என்பவை அவர்களுடைய பழைய கேள்விகள். அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் சிறிய, இன்னும் கூர்மையான ஒரு கேள்வியைக் கேட்கின்றன: பழைய அதிகாரி எழுந்துபோன இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார், எந்தக் கணக்கேட்டோடு உட்கார்ந்தார்? கல்வராயன் மலையை அறிந்தவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை.

மலைத் தலைவர்கள்: இங்கும் அங்கும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்று அது கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களிலும் அண்டை மாவட்டங்களின் ஓரங்களிலும் பரந்து கிடக்கிறது. இங்கே பெரும்பான்மையாக வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று அவர்களுடைய மரபுக்கதை சொல்கிறது. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என ஆளுக்கொரு மலையில் அவர்கள் குடியேறினார்களாம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, கடுக்காய் பொறுக்கிச் சமவெளி வணிகர்களுக்கு விற்று வாழ்ந்த சமூகம் இது. ஊர்க்கவுண்டர், மூப்பன், நாட்டார் எனப் படிப்படியாக அமைந்த உள்ளூர்த் தலைமை வழக்குகளைத் தீர்த்தது. அதற்கு மேலே ஜாகிர்தார். அவருடைய உரிமை விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தந்தது என்பது மரபு. கம்பெனி ஆட்சியும் அதன் பின்வந்த பிரிட்டிஷ் ஆட்சியும் அந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. மலைக்கு ஒரு தாசில்தாரை அனுப்பிச் சோறு போடுவதைவிட, ஏற்கெனவே அங்கிருக்கும் கவுண்டரை அங்கீகரிப்பது மலிவு.

தென்மேற்குச் சீனத்தின் மலைகளிலும் இதே கணக்குத்தான் ஓடியது. யுவான், மிங், சிங் அரச மரபுகள் யுன்னான், சிச்சுவான், குய்சோ மலைகளின் தலைவர்களுக்கு முத்திரையும் பட்டமும் தந்து, திறை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டன. அவர்களுக்கு ‘துஸி’ என்று பெயர். மண்ணின் அதிகாரி என்று பொருள் கொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் யோங்செங் பேரரசர் காலத்தில் இவர்களை அகற்றிவிட்டு, மாற்றலாகிப் போகும் அரசு அதிகாரிகளை நியமிக்கும் முயற்சி வேகம் பிடித்தது. ஆனாலும் எட்டாத மலைகளில் சில துஸிகள் 1950கள்வரை தப்பிப் பிழைத்தார்கள். ஆக, புதிய சீனம் பிறந்தபோது மாவோவின் கட்சிக்கும், ஜவாஹர்லால் நேருவின் அரசுக்கும் கையில் இருந்தது ஒரே வகையான மிச்சம்: பழைய பேரரசுகள் செலவைக் குறைக்க விட்டுவைத்த மலைத் தலைவர்கள்.

இரண்டு அரசுகளும் முதலில் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்: தள்ளிப்போட்டன. சீனத்தின் ஹான் இனப் பகுதிகளில் நிலச் சீர்திருத்தம் 1950க்கும் 1952க்கும் இடையில் புயல்போல நடந்தது. சிறுபான்மை இனத்தவரின் மலைகளில் கட்சி பொறுமை காட்டியது. தலைவர்களுடன் பேசி, பதவி தந்து, மெதுவாக மாற்றுவதே வழி என்றது. ஷிஷுவாங்பன்னாவின் தாய் இன அரசரான தாவ் ஷிஷுன் அரியணை இழந்து, பிற்காலத்தில் குன்மிங்கில் ஆய்வாளராக வாழ்ந்தார். ஆனால் லியாங்ஷான் மலையின் யீ மக்களிடையே 1956இல் ‘ஜனநாயகச் சீர்திருத்தம்’ தொடங்கியபோது பொறுமை தீர்ந்துவிட்டது. அடிமைகளை வைத்திருந்த மேல்குடியினர் ஆயுதம் எடுத்தார்கள். கலகத்தை அடக்கச் சில ஆண்டுகள் ஆயின.

இந்தியா தள்ளிப்போட்டது வேறு விதம். இங்கே யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, கோப்புதான் தூங்கியது. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் தமிழகச் சட்டம் 1963இல் வந்தது. அதற்குப் பிறகும் 13 ஆண்டுகள் மலை ஜாகிர்கள் நின்றன. கடைசியில் அவை அரசின் கைக்கு வந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும்: 1976. நாட்டில் நெருக்கடி நிலை. தமிழகத்தில் ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டமும் அதே ஆண்டுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றங்கள் செய்து முடிக்காத வேலை, சட்டமன்றமே இல்லாத ஆண்டில் முடிந்தது. ஜனநாயகத்தைப் பெருமையோடு ஒருபுறமும் சர்வாதிகாரத்தைச் சினத்தோடு மறுபுறமும் வைத்துச் சீனத்தையும் இந்தியாவையும் ஒப்பிடும் வழக்கமான வரைபடத்தில் இந்த ஆண்டு சரியாகப் பொருந்துவதில்லை.

துயரைச் சொல்ல ஒரு மேடை

சீன நிலச் சீர்திருத்தச் சட்டம் 1950 ஜூன் 30இல் அறிவிக்கப்பட்டது. அரசின் கணக்குப்படி 1952 முடிவதற்குள் சுமார் 30 கோடி உழவர்களுக்கு 70 கோடி மூ நிலம், அதாவது ஏறத்தாழ 4.7 கோடி ஹெக்டேர், பிரித்துக் கொடுக்கப்பட்டது. எண்களைவிட அது நடந்த விதம்தான் ஆய்வாளர்களை இழுக்கிறது. சட்டம் தபாலில் வரவில்லை. ஒரு வேலைக்குழுவாக நடந்து வந்தது. குழுவினர் ஊரின் ஆக ஏழ்மையான வீட்டில் தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு வயலில் இறங்கினார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர், யார் வீட்டுப் பெண் ஏன் கிணற்றில் விழுந்தாள் என்பதையெல்லாம் கேட்டறிந்தார்கள். பிறகு ஊர்க்கூட்டம். அதில் ஏழைகள் எழுந்து தங்கள் துயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘சூகு’ என்று அழைக்கப்பட்ட இந்தச் சடங்கில் தனிமனிதரின் வேதனை வர்க்கத்தின் வேதனையாக மாற்றப்பட்டது. நிலப்பிரபு, பணக்கார உழவர், நடுத்தர உழவர், ஏழை உழவர், கூலியாள் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முத்திரை குத்தப்பட்டது. பழைய பத்திரங்கள் எரிந்தன. புதிய நிலச் சான்றிதழ்கள் வந்தன. பல ஊர்களில் கூட்டம் அடியில் தொடங்கிக் கொலையில் முடிந்தது. செத்தவர்களின் எண்ணிக்கை சில லட்சங்கள் என்பவர்களும் இருபது லட்சத்துக்கும் மேல் என்பவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்கரான வில்லியம் ஹின்டன் 1948இல் ஷான்ஸி மாநிலத்தின் ஒரு கிராமத்தில் தங்கி இந்த நடைமுறையை அருகிருந்து பார்த்தார். அவர் எழுதிய ‘ஃபான்ஷென்’ 1966இல் வெளிவந்தது. உடம்பைப் புரட்டிக்கொள்ளுதல் என்று பொருள்படும் அந்தச் சொல்லே நூலின் தலைப்பு. கவிழ்ந்து கிடந்தவர் புரண்டு எழுவதுபோல ஏழை உழவர் எழுந்ததை அது குறித்தது. நாடு திரும்பிய ஹின்டனின் குறிப்பேடுகளை அமெரிக்கச் சுங்கத்துறை பறித்துக்கொண்டது. பல ஆண்டுகள் வழக்காடித்தான் மீட்டார். அதனால்தான் 1948இல் பார்த்தது 1966வரை புத்தகமாகவில்லை. சீனத்தைப் பற்றிய அறிவைச் சீன அரசு மட்டும் கட்டுப்படுத்தவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சீனத்தில் நிலப் பகிர்வு முடிந்த அதே 1952இல் தமிழகத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைக்கலாம். தஞ்சைச் சமவெளியில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் பண்ணையாட்களைத் திரட்டியிருந்தார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாது என்பது அங்கே முதல் கோரிக்கை. அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தில், இராஜாஜி அரசு 1952 ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேலைக்குழு எதுவும் வயலுக்குப் போகவில்லை. பாதிக்கப்பட்டவர்தான் அதிகாரியைத் தேடிப் போக வேண்டும். சங்கம் இருந்த ஊரில் சட்டம் ஓரளவு நடந்தது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டது, சங்கம் இருந்த ஊரிலும் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் காட்டியது.

கல்வராயன் மலையில் சங்கமும் இல்லை, வேலைக்குழுவும் வரவில்லை. ஜாகிர் ஒழிந்தபோது ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, இத்தனை ஆண்டு இவருக்கு வெட்டிவேலை செய்தேன் என்று சொல்ல எந்த மலையாளிக்கும் மேடை தரப்படவில்லை. சீனத்தில் அந்த மேடை கொலைக்களமாகவும் ஆனது. இங்கே அது இல்லாமலே போனதால் ரத்தம் சிந்தவில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கும் பொதுவில் பதிவாகவில்லை. சீனத்தில் அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது. மலையில் அது எழுதப்படவே இல்லை. ஆய்வாளருக்கு இரண்டுமே தலைவலி.

காலியான நாற்காலி

நிலப்பிரபு போன பிறகு சீன உழவரிடம் வாரம் கேட்க ஆளில்லை. இந்த நிலைமை ஓராண்டுகூட முழுதாக நீடிக்கவில்லை. 1953 நவம்பரில் தானியத்தின் கொள்முதல், விற்பனை இரண்டையும் அரசே ஏற்றது. உழவர் தன் வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் போக மிச்சத்தை அரசு சொன்ன விலைக்கு அரசிடமே விற்க வேண்டும். அந்த மிச்சம் எவ்வளவு என்பதை முடிவு செய்தவர் உழவர் அல்ல. அடுத்து கூட்டுறவுப் பண்ணை. 1955 நடுவில் நூற்றுக்கு 14 குடும்பங்கள்தான் கூட்டுறவில் இருந்தன. 1956 முடிவில் 96. கையில் வாங்கிய நிலச் சான்றிதழ் நான்கே ஆண்டில் வெறும் காகிதமானது. 1958இல் அந்தக் கூட்டுறவுகள் மக்கள் கம்யூன்களாகத் திரண்டன. அதே ஆண்டு ஜனவரியில் வந்த குடிப்பதிவு விதிகள் உழவர் நகரத்துக்கு ஓடிப் பிழைக்கும் வழியையும் அடைத்தன. விளைச்சலை ஊதிப்பெருக்கிக் காட்டிய கணக்கின்மேல் கொள்முதல் நடந்தது. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் இறந்தவர்களை ஒன்றரைக் கோடி என்பதிலிருந்து நான்கரைக் கோடி வரை வெவ்வேறு ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இந்த மாற்றத்தின் மையத்தில் இருந்த மனிதர் யார்? தலைநகரில் இருந்த மாவோவை விட்டுவிட்டு ஊருக்குள் வந்தால் தென்படுபவர் ஓர் இளைஞர். நேற்றுவரை ஏழை உழவர். கூட்டத்தில் நன்றாகப் பேசியதால் இன்று ஊர்க் கட்சிச் செயலாளர். மேலே மாவட்டத்துக்கு எண் சொல்ல வேண்டும். கீழே பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் வேலைப்புள்ளிகளை எழுதும் கணக்காளர். யாருக்கு எத்தனை புள்ளி என்பது அவருடைய பேனாமுனையில். விவியன் ஷூ முதல் எட்வர்ட் ஃப்ரீட்மன், பால் பிக்கோவிச், மார்க் செல்டன் வரை பல ஆய்வாளர்கள் இந்த இடைநிலை மனிதரைத்தான் தேடிப்போனார்கள். கடைசி மூவரும் ஹெபேய் மாநிலத்தின் வுகோங் கிராமத்தைப் பற்றி 1991இல் வெளியிட்ட நூல், அரசு சீராட்டி வளர்த்த ஒரு முன்மாதிரிக் கிராமம் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை அம்பலப்படுத்தியது.

தமிழகச் சமவெளியில் இந்த இடைநிலை மனிதருக்கு நெடுங்காலமாகப் பெயர் உண்டு: கணக்கப்பிள்ளை, கர்ணம், மணியக்காரர். அவர்களுடைய பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தால் நீக்கியது. அதன் பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஜாகிர் போய் நான்கு ஆண்டுகளில் கர்ணமும் போனார். கேள்வி, வந்தவர் யார் என்பது.

மலைமேல் ஜாகிர்தார் எழுந்த நாற்காலியில் ஒருவர் அல்ல, பலர் பங்குபோட்டு உட்கார்ந்தார்கள். வருவாய்த்துறை பட்டா எழுதும் அதிகாரத்தோடு வந்தது. வனத்துறை எல்லைக்கல்லோடு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொத்திப் பயிரிட்ட நிலம் காப்புக்காட்டின் எல்லைக்குள் விழுந்தால், உழுதவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். முன்பணம் தந்து கடுக்காயும் மரவள்ளியும் எடுத்துப் போகும் வணிகரும், எஸ்டேட் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியும் மீதியை எடுத்துக்கொண்டார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்பவரின் நில உரிமையை அங்கீகரிக்க நாடாளுமன்றமே எழுதிய சட்டம். தமிழகத்தில் 2008இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்றது. 2016 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை எட்டு ஆண்டுகள் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட நிலம் தமிழகத்தில் ஓர் அங்குலமும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜாகிருக்குப் பிந்திய மலையில் நிலம் யாருடைய கணக்கேட்டில் இருந்தது என்பது விளங்கும்.

ஒப்பீட்டில் எடை மாறக் கூடாது. லியாங்ஷானிலோ ஹெபேயிலோ நடந்ததுபோல வெகுமக்கள் சாவு இங்கே நடக்கவில்லை. பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள நாட்டில் அப்படியொரு பஞ்சத்தை மறைக்க முடியாது என்று அமர்த்தியா சென் வாதிட்டது சரியே. ஆனால் அதே சென், நாள்தோறும் நடக்கும் பசியையும் எழுத்தறிவின்மையையும் ஒழிப்பதில் சீனம் இந்தியாவை முந்தியது என்பதையும் சேர்த்தே சொன்னார். கல்வராயன் மலை அந்த இரண்டாவது பாதிக்குச் சான்று. பஞ்சம் தலைப்புச் செய்தியாகும். பள்ளிக்கூடம் வராதது எந்த நாளும் தலைப்புச் செய்தியாகாது.

1909இன் இரண்டு புத்தகங்கள்

ஆட்சி நிலத்தை மட்டும் பதிவு செய்வதில்லை. மனிதருக்கும் பெயர் எழுதுகிறது. 1953–54 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீன அரசு மக்களிடமே அவர்களுடைய இனத்தின் பெயரைக் கேட்டது. 400க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. அதில் பாதிக்கும் மேல் யுன்னான் மாநிலத்தில். அத்தனை இனத்துக்கும் நாடாளுமன்றத்தில் இடம் தர முடியாது. 1954இல் மானிடவியலாளர் லின் யாவ்ஹுவா தலைமையில் ஒரு குழு யுன்னானுக்குப் போய், சில மாதங்களுக்குள் அந்தப் பெயர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய தொகுதிகளாக அடுக்கியது. இன்று சீனத்தில் அங்கீகாரம் பெற்ற இனங்கள் 56. இந்த வகைப்படுத்தலைப் பற்றித் தாமஸ் முல்லானி 2010இல் எழுதிய ஆய்வு ஒரு வியப்பான செய்தியைச் சொல்கிறது. குழு பின்பற்றிய சட்டகம் மார்க்சிடமோ ஸ்டாலினிடமோ மட்டும் வந்ததல்ல. எச்.ஆர். டேவீஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, இந்தியாவிலிருந்து யாங்சீ ஆற்றுக்கு ரயில்பாதை போடும் நோக்கில் யுன்னானைச் சுற்றி, மொழிகளை வைத்து மக்களைப் பிரித்து எழுதிய நூல் அதன் அடியில் இருக்கிறது. அந்த நூல் வெளியான ஆண்டு 1909.

அதே 1909இல் சென்னையில் எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மலையாளிகளைப் பற்றிய நீண்ட பதிவு அதில் உண்டு. அதற்கு முன்பே கார்ஸ்டின் 1878இலும் பிரான்சிஸ் 1906இலும் தென்னாற்காடு மாவட்ட நூல்களை எழுதியிருந்தார்கள். குடியேற்ற ஆட்சியின் இந்த எழுத்து மரபிலிருந்துதான் விடுதலைக்குப் பின் பட்டியல் பழங்குடிகள் என்ற வகை உருவெடுத்தது. அந்தப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டங்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. தென்னாற்காட்டு மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் மலையாளி, பட்டியலில் தன் மாவட்டம் இல்லாததால் நெடுங்காலமாகச் சான்றிதழுக்குப் போராடுகிறார். இனம் ஒன்று, மொழி ஒன்று, குலதெய்வ வழக்கும் ஒன்று. மாறுவது மாவட்ட எல்லை மட்டும்.

சீனத்திலும் பெயர் எழுதியவர் கையில் இருந்தது அழியாத மை. நிலச் சீர்திருத்தத்தில் குத்தப்பட்ட ‘நிலப்பிரபு’ என்ற முத்திரை தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்குப் போனது. பள்ளியிலும் திருமணத்திலும் படைச்சேர்க்கையிலும் அது வழிமறித்தது. கட்சி அதை விலக்கியது 1979 ஜனவரியில்தான். வர்க்கத்தை ஒழிக்க வந்த ஆட்சி, வர்க்கத்தை ஏறத்தாழ சாதிபோலப் பிறப்பில் வரும் ஒன்றாக மாற்றியது. இதைப் புரிந்துகொள்ள வேறு எந்த நாட்டு வாசகரையும்விடத் தமிழ் வாசகருக்குக் குறைந்த நேரமே பிடிக்கும்.

விருந்தாளியின் கண், பழைய பேப்பர்க் கடை

புதிய சீனத்தைத் தொடக்கத்திலேயே நேரில் பார்த்த தமிழர்களில் முக்கியமானவர் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. காங்கிரஸின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, உழவருக்கும் அரசுக்கும் நடுவே உள்ள இடைத்தரகர்கள் எல்லோரையும் அகற்ற வேண்டும் என்று 1949இல் அறிக்கை தந்தவர். பண்டிட் சுந்தர்லால் தலைமையிலான நல்லெண்ணக் குழுவில் 1951 இலையுதிர் காலத்தில் சீனம் சென்று, திரும்பி வந்து புத்தகமும் எழுதினார். கிராமத் தொழிலும் எளிமையும் உழைப்பும் மதிக்கப்படும் நாடாகச் சீனம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. காந்தி கனவு கண்டதைக் கம்யூனிஸ்டுகள் செய்கிறார்களோ என்ற நெகிழ்ச்சி அவரிடம் இருந்தது. குமரப்பாவின் நேர்மையை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் விருந்தாளி போகும் ஊரில் கூட்டிப்பெருக்கிய தெருதான் இருக்கும்.

1956இல் இந்திய அரசே ஆர்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிச் சீனக் கூட்டுறவுப் பண்ணைகளைப் பார்க்க வைத்தது. குழுவின் பெரும்பான்மை, இந்தியாவும் இதைப் பின்பற்றலாம் என்றது. உறுப்பினர் இருவர் ஒத்துக்கொள்ளாமல் தனிக்குறிப்பு எழுதினார்கள். 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாகபுரியில் கூட்டுறவு விவசாயத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, எந்த முன்மாதிரியைப் பார்த்து நிறைவேற்றியதோ அந்த நாட்டில் பஞ்சம் தொடங்கிவிட்டிருந்தது. அதே ஆண்டு அந்தத் தீர்மானத்தை எதிர்த்து இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். சீனக் கிராமத்தைப் பற்றிய தப்பான தகவலும் சரியான சந்தேகமும் சேர்ந்து தமிழக அரசியலையும் அசைத்த கதை இது.

அரசு காட்டுவதைத் தாண்டிப் பார்க்க ஆய்வாளர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். எழுபதுகளில் சீனத்துக்குள் போக முடியாத அனிதா சான், ரிச்சர்ட் மாட்சன், ஜொனத்தன் உங்கர் ஆகியோர் ஹாங்காங்குக்குத் தப்பி வந்த ஒரே கிராமத்தவரை உட்கார்த்திக் கேட்டு அந்தக் கிராமத்தின் வரலாற்றையே எழுதினார்கள். 1990களுக்குப் பிறகு மாவட்ட ஆவணக் காப்பகங்கள் ஓரளவு திறந்தன. பஞ்சத்தைப் பற்றிய யாங் ஜிஷெங்கின் பெரும் நூல் அந்தத் திறப்பின் பலன். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கதவுகள் மீண்டும் ஒருக்களித்துச் சாத்தப்படுகின்றன. அலுவலகங்கள் கழித்துப் போட்ட கோப்புகளைப் பெய்ஜிங்கின் பழம்பொருள் சந்தைகளில் எடைக்கு வாங்கி வரலாறு எழுதும் மைக்கேல் ஷோன்ஹால்ஸ் போன்றவர்கள் ஒரு தனி மரபையே உருவாக்கினார்கள். பழைய பேப்பர்க் கடையில் அரிய நூல்களைத் தேடிக் கண்டெடுத்த தமிழ்ப் பதிப்பாளர்களின் உலகத்துக்கு இது அந்நியமான வேலை அல்ல.

இவற்றில் எனக்கு மிக நெருக்கமானது கெயில் ஹெர்ஷாட்டர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. ஷான்சி மாநிலத்துக் கிராமங்களில் (ஹின்டன் தங்கிய ஷான்ஸி வேறு) 72 மூதாட்டிகளிடம் அவர் பேசினார். கேட்டது 1950இன் திருமணச் சட்டத்தையும் கூட்டுறவையும் கம்யூனையும் பற்றி. பாட்டிகள் பதில் சொன்ன காலக்கணக்கு வேறு. எந்த இயக்கம் எந்த ஆண்டு என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. எந்தப் பிள்ளை பிறந்தபோது, எந்த மிருகத்தின் ஆண்டில் என்றுதான் நினைவு வைத்திருந்தார்கள். அரசு நாட்காட்டி ஒன்று, அடுப்படி நாட்காட்டி ஒன்று. இரண்டும் மோதும் இடத்தில்தான் உண்மையான சமூக வரலாறு கிடக்கிறது என்பது அவருடைய நூல் கற்றுத்தருவது.

மலையில் கேட்க வேண்டிய கேள்வி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடனே எல்லோருடைய பார்வையும் கல்வராயன் மலைப்பக்கம் திரும்பியது. அடுத்த வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாகவே வழக்கெடுத்துக்கொண்டது. சாலை இல்லை, பள்ளி போதாது, மருத்துவம் எட்டாது என்ற பட்டியலோடு, ஜாகிர் 1976வரை இருந்த கதையும் நீதிமன்ற அறையில் பேசப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த அதிகார மாற்றம், ஒரு சாராயச் சாவின் பின்னால்தான் பொதுவெளிக்கு வந்தது. மலைக்கு அதற்குள் இன்னொரு முத்திரையும் குத்தப்பட்டுவிட்டது: சாராய மலை. பழைய கணக்கேட்டில் குடிகள், 1909இல் பழங்குடி, வன எல்லைக்குள் ஆக்கிரமிப்பாளர், 2024இல் சாராயக்காரர். எந்தப் பெயரையும் அவர்கள் தாங்களாக எழுதிக்கொள்ளவில்லை.

சீனத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய இத்தனை பெரிய ஆய்வுக் குவியலிலிருந்து கல்வராயன் மலைக்கு எடுத்துவரத் தக்கது கோட்பாடு எதுவுமில்லை, ஒரு வேலைமுறைதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய தென்னாற்காட்டின் வருவாய்க் கோப்புகளிலும் ஜாகிரைப் பற்றி அரசு எழுதியது இருக்கும். ஜாகிரின் கீழ் வாழ்ந்தவர் சொல்வது அங்கே இருக்காது. 1976இல் இருபது வயதாக இருந்த மலையாளிக்கு இப்போது எழுபது. சேராப்பட்டிலோ கரியாலூரிலோ இன்னாட்டிலோ ஒரு திண்ணையில் அவரோடு உட்கார்ந்து, எப்போது விடுதலை கிடைத்தது என்று கேட்டால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். கவுண்டருக்கு என்ன கொடுத்தீர்கள், எத்தனை நாள் வேலை செய்தீர்கள், அவர் போன மறு வருஷம் அதே வேலையை யாருக்குச் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். கூடவே அவருடைய மனைவியையும் தனியாகக் கேட்க வேண்டும். ஷான்சியின் பாட்டிகளைப் போலவே அவரும் ஆண்டைச் சொல்ல மாட்டார். மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்பார். அந்தப் பிள்ளையின் வயதிலிருந்து ஆண்டைக் கணக்குப்போட்டுக்கொள்வது ஆய்வாளரின் வேலை.